ஐந்து கோரிக்கைகள், இரண்டு மணி நேரம்
மென்பொருளுக்குப் புதிய வசதி கேட்டால், அந்தக் கோரிக்கை என்ன ஆகிறது?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஓர் அகப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஐந்து கோரிக்கைகள் வந்து நிற்கின்றன.

முதலாவது, கழகப் பொறுப்பாசிரியரிடமிருந்து. “போன வாரம் ஒரு கட்டுரையைத் தவறுதலாக அழித்துவிட்டேன். இனி எதையாவது அழிக்கப் போனால், ‘உறுதியாகவா?’ என்று மூன்று முறை கேட்கும்படி செய்துவிடு.”

இரண்டாவது, படிவம் 2 மாணவி ஒருவரிடமிருந்து. “தலைப்புகளின் நிறத்தை ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும்.”

மூன்றாவது, விளையாட்டுக் குழுவிடமிருந்து. “போட்டிப் புள்ளிகளைக் காட்டும் பட்டியல் வேண்டும்.”

நான்காவது, படிவம் 5 மாணவர் ஒருவரிடமிருந்து. “பக்கம் திறந்தவுடன் பாட்டு ஒலிக்க வேண்டும்.” இவர் மூன்று நாளில் நான்கு முறை எழுதிவிட்டார்.

ஐந்தாவது, பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் ஒருவரிடமிருந்து. ஒரே ஒரு வரி. “படங்களில் என்ன இருக்கிறது என்று என் கணினி எனக்குச் சொல்வதில்லை.”

உங்களுக்குக் கிடைப்பதோ சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். எதை முதலில் செய்வீர்கள்? யாரிடம் ‘முடியாது’ என்று சொல்வீர்கள்?

உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் கேள்வி இது. அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, உங்கள் ஐந்து கோரிக்கைகளுக்குத் திரும்புவோம்.

ஒரு விருப்பத்தில் பிறந்த மென்பொருள்

அகப்பக்கத்தில் கட்டுரை எழுத, படம் சேர்க்க, பிழை திருத்த, பழையதை நீக்க உதவும் மென்பொருளை ‘உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்’ என்கிறோம். நிரல் எழுதத் தெரியாதவரும் இதன் துணையோடு ஓர் அகப்பக்கத்தை நடத்தலாம். இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்படுவது வேர்ட்பிரஸ். இன்று உலக இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இதில்தான் இயங்குகின்றன.

வேர்ட்பிரஸ் பிறந்ததே ஒரு பயனரின் விருப்பப் பட்டியலிலிருந்துதான். 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரைச் சேர்ந்த 19 வயது மாட் முல்லன்வெக், தாம் பயன்படுத்திவந்த ‘பி2’ என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனதை எண்ணி எழுதினார். தமக்கு எப்படிப்பட்ட மென்பொருள் வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார். அதைப் படித்த இங்கிலாந்தின் மைக் லிட்டில், நீங்கள் உண்மையாகவே இதில் இறங்கினால் நானும் கைகொடுக்கிறேன் என்று பதில் எழுதினார். பி2 திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மேம்படுத்தலாம். இருவரும் அதை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27ஆம் நாள் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளியானது.

அன்று கேட்டவர் ஒருவர், கைகொடுத்தவர் ஒருவர். இன்று கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அத்தனை பேரின் விருப்பங்களையும் எப்படிச் சமாளிப்பது?

கோரிக்கைக்கு ஓர் எண்

மருத்துவமனைக்குப் போனால் முதலில் உங்களுக்கு ஓர் எண் தருவார்கள் அல்லவா? மென்பொருள் உலகிலும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் அணி ‘டிராக்’ என்ற பதிவேட்டைப் பயன்படுத்துகிறது. ஒருவர் எதையாவது கேட்டால் அது ‘டிக்கெட்’ என்ற பெயரில் எண்ணுடன் பதிவாகும். அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம்.

அடுத்து, அதை வகைப்படுத்துவார்கள். ஏதோ ஒன்று சரியாக இயங்கவில்லை என்றால் அது பிழை. இருப்பதை இன்னும் நன்றாக்கச் சொன்னால் மேம்பாடு. இல்லாத ஒன்றைக் கேட்டால் புதிய வசதிக்கான கோரிக்கை. பெரும்பாலும் பிழைக்கு முன்னுரிமை உண்டு. கூரை ஒழுகும்போது யாரும் புதிய பால்கனி கட்டுவதில்லையே!

பிறகு விவாதம் நடக்கும். யாராவது நிரல் எழுதித் தருவார்கள். மற்றவர்கள் அதைச் சோதிப்பார்கள். மையப் பகுதியில் நிரலைச் சேர்க்கும் உரிமை சிலருக்கு மட்டுமே உண்டு. அவர்களுள் ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் அது அடுத்த பதிப்பில் இடம்பெறும்.

எல்லாக் கோரிக்கையும் அந்தக் கட்டம்வரை போவதில்லை. ‘இது ஏற்கெனவே பதிவாகியுள்ளது’, ‘பிறகு பார்க்கலாம்’, ‘இதைச் செய்யப் போவதில்லை’ என்ற முத்திரைகளுடன் பல டிக்கெட்டுகள் மூடப்படும். மூடும்போது காரணத்தையும் எழுதுவது நல்ல வழக்கம். பதிலே வராமல் காத்திருப்பதைவிட, காரணத்தோடு வரும் ‘முடியாது’ எவ்வளவோ மேல்.

கேட்பது ஒன்று, தேவை வேறொன்று

தலை வலிக்கிறது என்று மருத்துவரிடம் போகும் ஒருவர், “எனக்கு இந்த மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் மருத்துவர் உடனே எழுதித் தருவாரா? எங்கே வலி, எப்போது தொடங்கியது, சரியாகத் தூங்கினீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். காரணம் கண் பார்வையாக இருக்கலாம். அப்போது தேவை மாத்திரையல்ல, கண்ணாடி.

பயனர்களும் பெரும்பாலும் மாத்திரையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பொறுப்பாசிரியரின் கோரிக்கையைப் பாருங்கள். ‘மூன்று முறை கேள்’ என்பது அவரே யோசித்து வைத்திருக்கும் தீர்வு. அவருடைய உண்மையான சிக்கல், தவறுதலாக அழித்ததைத் திரும்பப் பெற முடியவில்லை என்பது.

மூன்று முறை கேட்டால் சிக்கல் தீருமா? கைப்பேசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை எத்தனை முறை படிக்காமலே அழுத்தியிருக்கிறீர்கள்? ஒரே கேள்வி அடிக்கடி வந்தால் மூளை அதற்குப் பழகிவிடும். கை தானாக ‘ஆம்’ என்று அழுத்திவிடும். மூன்று கேள்வி வந்தால் மூன்று முறை அழுத்தும், அவ்வளவுதான்.

வேர்ட்பிரஸிலும் ஒரு காலத்தில் ‘உறுதியாகவா?’ என்ற கேள்வி மட்டுமே காவலுக்கு இருந்தது. ‘ஆம்’ என்றதும் கட்டுரை நிரந்தரமாகப் போய்விடும். 2009 டிசம்பரில் வந்த 2.9ஆம் பதிப்பு வேறு வழியைக் கொண்டுவந்தது. அழிக்கப்பட்ட கட்டுரை ஒரு குப்பைக்கூடைக்குப் போகும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் 30 நாள் அங்கேயே இருக்கும். மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, திரும்பிவர ஒரு வழி வைத்த தீர்வு இது.

ஒரு பொத்தானின் விலை

‘கேட்பதையெல்லாம் சேர்த்துவிட்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளும்படி ஒரு பொத்தான் வைத்தால் என்ன?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பொத்தானுக்கு இரண்டு நிலைகள்: இயக்கம், நிறுத்தம். இரண்டு பொத்தான்கள் என்றால் 2 × 2 = 4 நிலைகள். மூன்று என்றால் 8. பத்துப் பொத்தான்களுக்கு 1,024 நிலைகள். இருபதுக்கு 1,048,576!

ஒவ்வொரு நிலையிலும் மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க ஒரு நிமிடம் ஆகும் என்று கொள்வோம். இருபது பொத்தான்களின் எல்லா நிலைகளையும் சோதிக்க, இரவு பகல் ஓயாமல் ஏறத்தாழ 728 நாள் தேவை. அதாவது இரண்டு ஆண்டுகள். நடைமுறையில் யாரும் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. சோதிக்காத மூலைகளில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும்.

பயனருக்கும் இதில் சுமை உண்டு. அமைப்புப் பக்கத்தில் அறுபது பொத்தான்கள் இருந்தால், புதிதாக வருபவர் எதைத் தொடுவது என்று தெரியாமல் திகைப்பார். அதனால் ‘பயனரிடம் தள்ளிவிடாமல், நாமே யோசித்து நல்ல முடிவை எடுப்போம்’ என்பதை வேர்ட்பிரஸ் அணி தன் கொள்கைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது.

பக்கத்து அறைக் கதவு

அதே கொள்கைப் பக்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. பயனர்களில் 80 விழுக்காட்டினர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் விரும்பிப் பயன்படுத்தக்கூடிய வசதிகளே மையப் பகுதியில் இருக்க வேண்டும். அப்படியானால் மீதியுள்ளவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்காகத்தான் ‘செருகுநிரல்’ என்ற ஏற்பாடு. 2004 மே மாதம் 1.2ஆம் பதிப்பில் இது வந்தது. மையப் பகுதியைத் தொடாமல், வேண்டிய வசதியை மட்டும் தனியாக எழுதிச் செருகிக்கொள்ளலாம். இன்று 50,000க்கும் மேற்பட்ட இலவசச் செருகுநிரல்கள் கிடைக்கின்றன. கடை நடத்துபவருக்குக் கூடை, பள்ளிக்கு நாள்காட்டி, விளையாட்டுக் குழுவுக்குப் புள்ளிப்பட்டியல் என்று அவரவர் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதவு இரு பக்கமும் திறக்கும். கட்டுரைகளுக்குக் குறிச்சொல் இடும் வசதி முதலில் செருகுநிரலாகத்தான் இருந்தது. பலரும் பயன்படுத்தியதால் 2007 செப்டம்பரில் 2.3ஆம் பதிப்பில் மையப் பகுதிக்குள் வந்தது. மாறாக, பிடித்த தளங்களின் இணைப்புகளைப் பட்டியலிடும் வசதி ஒரு காலத்தில் உள்ளே இருந்தது. காலப்போக்கில் அதைப் பயன்படுத்துவோர் குறைந்தனர். 2012 டிசம்பரில் வெளிவந்த 3.5ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவுவோருக்கு அது தெரியாது. வேண்டுமானால் செருகுநிரலாகப் பெறலாம்.

செருகுநிரலிலும் கவனம் தேவை. எழுதியவர் அதைக் கைவிட்டுவிட்டால், பிழைகள் திருத்தப்படாமல் கிடந்து தளத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தாகலாம். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்தே நிறுவ வேண்டும்.

இமோஜிக்குள் ஒளிந்திருந்த பூட்டு

சில நேரம், யாரும் கேட்காத தேவையே மிக முக்கியமானதாக இருக்கும். 2015 ஏப்ரலில் வந்த 4.2ஆம் பதிப்பில் வேர்ட்பிரஸ் இமோஜிகளுக்கு இடம் கொடுத்தது. ‘சிரிக்கும் முகங்களுக்கா இவ்வளவு உழைப்பு?’ என்று பலர் புருவம் உயர்த்தினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம் தமிழ் எழுத்திலிருந்தே தொடங்கலாம். யுடிஎஃப்-8 என்ற முறையில் ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்க 1 பைட் போதும். ‘க’ போன்ற தமிழ் எழுத்துக்கு 3 பைட் தேவை. ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 குறிகள். ஆகவே 15 பைட். இமோஜிக்கோ 4 பைட் வேண்டும்.

அக்காலத்தில் பல வேர்ட்பிரஸ் தளங்களின் தரவுத்தளங்கள் 3 பைட் வரையுள்ள குறிகளை மட்டுமே ஏற்கும்படி அமைந்திருந்தன. 4 பைட் குறி வந்தால், அந்த இடத்திலேயே உரை வெட்டுப்பட்டுப்போகும். வெட்டுப்பட்ட உரையைப் பயன்படுத்தித் தீய நிரலை உள்ளே நுழைக்க வழி இருந்தது. அதாவது, அது ஒரு பாதுகாப்பு ஓட்டை.

‘இங்கே ஓட்டை இருக்கிறது’ என்று அறிவித்துக்கொண்டே அதை அடைத்தால், அடைப்பதற்குள் திருடர்கள் வந்துவிடுவார்கள். எனவே அந்த வேலை இமோஜி வேலையோடு சேர்ந்து நடந்தது. அணியின் முன்னணி நிரலாளர் ஒருவர் பின்னர் ஒரு மாநாட்டில் இதை விளக்கினார்.

இதில் தமிழுக்கும் ஒரு நன்மை உண்டு. மாகாணி (1/16), முந்திரி (1/320) போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கும் 4 பைட் வேண்டும். அந்தப் பழைய வகைத் தரவுத்தளமாக இருந்தால், முந்திரி என்ற குறியை இட்டதும் கட்டுரையே அறுந்துபோயிருக்கும்.

சத்தமும் மௌனமும்

அதிகம் பேர் கேட்பதைச் செய்வதுதானே நியாயம் என்று நினைக்கலாம். ஆனால் கேட்பவர்கள் யார்? கோரிக்கை எழுதுவோர் பயனர்களில் மிகச் சிறு பகுதியினரே. பெரும்பாலோர் ஒன்றும் எழுதுவதில்லை. பிடிக்காவிட்டால் சொல்லாமலே போய்விடுவார்கள். சிற்றுண்டிச்சாலையின் ஆலோசனைப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள சீட்டுகளை மட்டும் எண்ணினால், காரம் தாங்காமல் அங்கே போவதையே நிறுத்திவிட்டவர்களின் கருத்து கிடைக்காது.

2018 டிசம்பர் 6ஆம் நாள் வெளியான 5.0ஆம் பதிப்பில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. அதுவரை கட்டுரை எழுத ஒரே ஒரு பெரிய பெட்டி இருந்தது. அதற்குப் பதிலாகப் பத்தி, படம், பட்டியல் என ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக அடுக்கும் ‘குட்டன்பர்க்’ தொகுப்பான் வந்தது. ஐரோப்பாவில் அச்சுக்கலையை வளர்த்தவரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். புதியவர்களுக்குப் பக்கத்தை வடிவமைப்பது எளிதாக வேண்டும் என்பது அணியின் வாதம். பழகிய கை மாற வேண்டுமா என்பது பழைய பயனர்களின் கோபம். சோதனைக்கு விட்டபோதே ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. பழைய தொகுப்பானை ஒரு செருகுநிரலாகக் கொடுத்தார்கள். 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நிறுவிக்கொண்டன. அதே வேளையில், அன்று தொடங்கிய கட்டமுறைதான் இன்றுவரை வேர்ட்பிரஸின் இயல்பான தொகுப்பானாக நீடிக்கிறது.

இந்தச் சச்சரவில் இன்னொரு குரலும் இருந்தது. பார்வையற்றோர் ‘திரைவாசிப்பான்’ என்ற மென்பொருளின் துணையோடு கணினியைப் பயன்படுத்துகிறார்கள்; திரையில் உள்ளதை அது குரலாக வாசிக்கும். பலர் சுட்டி இல்லாமல் விசைப்பலகையை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். புதிய தொகுப்பான் இவர்களுக்குக் கடினமாக இருந்தது. 2018 அக்டோபரில், வெளியீட்டுக்கு முன்பே, அணுகல்தன்மைக் குழுவின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2019இல் வெளிவந்த ஒரு தனி ஆய்வும் பல குறைகளைப் பட்டியலிட்டது. அவற்றைத் திருத்தும் வேலை அதன்பிறகும் தொடர்ந்தது.

இத்தனைக்கும், புதிய நிரல் எல்லாம் உலக அணுகல்தன்மை விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று 2016இலேயே வேர்ட்பிரஸ் முடிவு செய்திருந்தது.

80 விழுக்காட்டு விதி தடுமாறும் இடம் இதுதான். பக்கத்தில் பாட்டு ஒலிக்காவிட்டால் ஒருவருக்குச் சிறு ஏமாற்றம். திரைவாசிப்பான் இயங்காவிட்டால் இன்னொருவருக்கு அந்தப் பக்கமே இல்லை. இரண்டையும் தலைக்கு ஓர் ஓட்டு என்று எண்ணினால், இரண்டாமவர் எப்போதும் தோற்பார். எனவே ‘எத்தனை பேர் கேட்கிறார்கள்?’ என்பதோடு, ‘இது இல்லாவிட்டால் யார் வெளியே நிற்பார்?’ என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டோடு சாய்தளமும் கட்டுவது ஓட்டெடுப்பு நடத்தியா?

சனிக்கிழமை வந்துவிட்டது

இப்போது உங்கள் ஐந்து கோரிக்கைகள்.

முதல் ஒரு மணி நேரம் ஐந்தாவது மாணவருக்கு. இதற்குப் புதிய நிரல் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ‘மாற்று உரை’ எழுதும் பெட்டி வேர்ட்பிரஸில் ஏற்கெனவே இருக்கிறது. இதுவரை யாரும் அதை நிரப்பவில்லை, அவ்வளவுதான். ‘பொங்கல் விழாவில் மூன்று மாணவிகள் கோலம் போடுகிறார்கள்’ என்று எழுதினால், திரைவாசிப்பான் அதை வாசித்துக் காட்டும்.

ஆசிரியருக்கு ஐந்து நிமிடம். குப்பைக்கூடை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். போன வாரம் அழித்த கட்டுரை அங்கேயே பத்திரமாக இருக்கும்!

படிவம் 2 மாணவியிடம், “ஏன் நிறத்தை மாற்ற வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். “வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, கைப்பேசியில் தெரியவே இல்லை” என்கிறார். ஆளுக்கொரு நிறப் பொத்தான் வேண்டாம். தலைப்பை எல்லாருக்குமே அடர்நீலமாக்கிவிடுங்கள். அவருக்குத் தீர்ந்த சிக்கல், சொல்லாமல் இருந்த மற்றவர்களுக்கும் தீர்ந்துவிடும்.

விளையாட்டுக் குழுவுக்கு, அண்மையில் புதுப்பிக்கப்பட்ட நல்ல செருகுநிரல் ஒன்றைத் தேடிக் கொடுங்கள்.

பாட்டு கேட்டவருக்கு ‘முடியாது’ என்று எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பக்கம் திறந்ததும் பாட்டு ஒலித்தால், திரைவாசிப்பானின் குரல் அதில் அமுங்கிவிடும். நான்கு முறை கேட்டவரின் விருப்பம், ஒரு முறை கேட்டவரின் காதை அடைத்துவிடும். இதை எடுத்துச் சொன்னால் அவரும் புரிந்துகொள்வார்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள்

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஏதாவது குறை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள். எழுதும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

• நீங்கள் கேட்பது ஏற்கெனவே இருக்கிறதா, வேறு யாராவது கேட்டுவிட்டார்களா என்று முதலில் தேடுங்கள்.

• ‘இந்தப் பொத்தான் வேண்டும்’ என்று தொடங்காமல், நீங்கள் என்ன செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் தடைப்பட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

• எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எத்தனை முறை நடந்தது என்று குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்கு அது உடைந்திருப்பது தெரியாது.

• ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை போதும்.

• ‘முடியாது’ என்று பதில் வந்தால் காரணத்தைப் படியுங்கள். அந்தக் காரணத்திலிருந்தே உங்கள் சொந்தச் செருகுநிரலுக்கான யோசனை பிறக்கக்கூடும்.